ஒரே படம், பல திரைகள்: எக்ஸ்போர்ட்டில் தரம் எங்கே தொலைகிறது?

முழு எச்டி அளவில், விநாடிக்கு 25 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த வீடியோவை எந்தச் சுருக்கமும் இல்லாமல் அப்படியே சேமித்தால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 155 எம்பி இடம் பிடிக்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 1.4 டிபி வேண்டும். அதே படம் யூடியூபுக்குப் போகும்போது விநாடிக்கு ஏறத்தாழ 1 எம்பிதான். நூற்றைம்பதில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சுகிறது. ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியக் கூடாது. எதை விடலாம், எதை விடவே கூடாது, எந்தக் கட்டத்தில் விடலாம் என்று தெரிந்து செய்கிற வேலைதான் வீடியோவின் தரத்தைக் காப்பாற்றுகிறது.

எடிட்டிங் அறையில் துல்லியமாக இருந்த படம் வீட்டு டிவியில் வெளிறித் தெரிகிறது. மேக்கில் ஒரு நிறம், விண்டோஸில் இன்னொரு நிறம். மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். அட்சதை தூவும் நொடியில் மணமக்களின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. இந்தப் புகார்கள் வரும்போதெல்லாம் பழி மென்பொருளின் மேல்தான் விழுகிறது. பிரீமியரில் செய்ததால்தான் இப்படி ஆயிற்று, ரிசால்வில் செய்திருந்தால் ஆகியிருக்காது என்பார்கள். பெரும்பாலான சமயங்களில் இந்தத் தீர்ப்பு தவறு. கேமரா கார்டிலிருந்து கோப்பு இறங்கிய நாள் தொடங்கி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் தரம் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது. எக்ஸ்போர்ட் முடிந்த பிறகுதான் அது கண்ணுக்குப் படுகிறது.

ரஷ் பிரிண்டிலிருந்து ப்ராக்ஸி வரை

ஃபிலிம் காலத்தில் படத்தொகுப்பாளர் ஒரிஜினல் நெகட்டிவில் கை வைக்கவே மாட்டார். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் மூவியோலாவிலும் ஸ்டீன்பெக் மேசையிலும் ஓட்டி, வெட்டி, ஒட்டுவார். தொகுப்பு முடிந்த பிறகு, ஃபிலிம் ஓரத்தில் பதிந்திருக்கும் எண்களைப் பார்த்து, ரஷ்ஷில் வெட்டு விழுந்த அதே இடத்தில் நெகட்டிவை வெட்டுவார் நெகட்டிவ் கட்டர். வேலை நடந்தது கீறல் விழுந்த பிரதியில்; திரைக்குப் போனது பழுதில்லாத மூலத்திலிருந்து எடுத்த பிரிண்ட். இந்தப் பழைய ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இன்றைய வேலைமுறையில் பாதி தானாகவே விளங்கிவிடும். ரஷ் பிரிண்டின் இடத்தில் இன்று ப்ராக்ஸி என்ற சிறிய நகல் கோப்பு இருக்கிறது. ஓர எண்களின் இடத்தில் டைம்கோடு. நெகட்டிவ் கட்டர் செய்த வேலைக்கு இன்று கன்ஃபார்ம் என்று பெயர்.

அமெரிக்காவின் சிபிஎஸ்ஸும் மெமோரெக்ஸும் சேர்ந்து 1971இல் உருவாக்கிய சிஎம்எக்ஸ் 600, கம்ப்யூட்டரில் இயங்கிய முதல் நான்-லீனியர் எடிட்டிங் கருவி. அதன் திரையில் ஓடியது மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் எந்த ஷாட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல் அதிலிருந்து கிடைத்தது. அந்தப் பட்டியலை வைத்து நல்ல டேப்பிலிருந்து இறுதி வடிவத்தை உருவாக்க முடிந்தது. எடிட் டிசிஷன் லிஸ்ட், சுருக்கமாக ஈடிஎல் என்று இன்றும் வழங்கும் பட்டியல் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான்.

1989இல் ஆவிட் என்ற எடிட்டிங் கருவி வந்தது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1994இல் வெளியான ‘மகாநதி’ ஆவிட்டைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று பதிவாகியிருக்கிறது. வால்டர் மர்ச் தொகுத்து 1996இல் வந்த ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’, டிஜிட்டலில் தொகுக்கப்பட்டு எடிட்டிங் ஆஸ்கர் பெற்ற முதல் படம். அடோபியின் பிரீமியர் 1991இல் வெளிவந்தது. அதை எழுதிய ரேண்டி உபிலோஸ் பின்னாளில் உருவாக்கிய ஃபைனல் கட் ப்ரோவை 1999இல் ஆப்பிள் வெளியிட்டது. நிறத் திருத்தத்துக்கென்றே பிறந்த டாவின்சியை 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. பல லட்சம் டாலர் விலை இருந்த அதன் ரிசால்வ் கருவி சில ஆண்டுகளிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைத்தது. அதில் எடிட்டிங்கும், 2017இல் ஃபேர்லைட் ஒலிப் பகுதியும், 2018இல் ஃப்யூஷன் என்ற சிஜி பகுதியும் சேர்ந்தன.

கருவிகள் எளிதாகக் கிடைத்ததும் ஒரு மாற்றம் நேர்ந்தது. ஃபிலிம் காலத்தில் லேபும் நெகட்டிவ் கட்டரும் கலரிஸ்டும் தனித்தனியாகக் காத்த ஒழுங்கு, இப்போது ஒரே லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில் வந்து விழுந்தது. அந்த ஒழுங்கை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேமரா கொடுக்கும் கோப்பு

கேமராவும் செல்போனும் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்க முறையில், அதாவது கோடெக்கில், பதிவு செய்கின்றன. இவை ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒரு முழுப் படம். இடையில் இருப்பதெல்லாம் ‘முந்தைய படத்திலிருந்து இது மாறியது, அது நகர்ந்தது’ என்ற குறிப்புகள். பார்ப்பதற்கு இது அருமையான சிக்கனம். தொகுப்பதற்கு இது சுமை. பன்னிரண்டாவது ஃப்ரேமில் வெட்ட வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் முதல் ஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு குறிப்பையும் படித்துப் படத்தைக் கட்டியெழுப்பிக்கொண்டு வர வேண்டும். டைம்லைன் திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுதான். பிராசசர் பழையதாகிவிட்டது என்று நினைத்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன், கோடெக் என்ன என்று பார்ப்பது நல்லது.

இதற்கு மாற்று, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் எடிட்டிங் கோடெக்குகள். ஆவிட்டின் டிஎன்எக்ஸ்எச்டி 2004இலும் ஆப்பிளின் புரோரெஸ் 2007இலும் வந்தன. இடம் அதிகம் பிடிக்கும். முழு எச்டி, 25 ஃப்ரேமில் புரோரெஸ் 422 எச்க்யூ ஒரு மணி நேரத்துக்கு 83 ஜிபி. 4கே யுஎச்டியில் 332 ஜிபி. அதே முழு எச்டியில் புரோரெஸ் ப்ராக்ஸி 17 ஜிபிதான். ஆகவே சிறிய ப்ராக்ஸியில் தொகுத்து, கடைசியில் ஒரிஜினலுக்கு மாறி எக்ஸ்போர்ட் செய்வது, ரஷ் பிரிண்ட் ஏற்பாட்டின் அதே வடிவம். பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், ஆவிட் நான்கிலும் இதற்கு வசதி இருக்கிறது. ஒரே ஓர் ஆபத்து: ஒரிஜினல் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை இணைக்காமல் எக்ஸ்போர்ட் கொடுத்தால், சில அமைப்புகளில் ப்ராக்ஸியே இறுதிப் படமாக வந்துவிடும். டைம்லைனில் சிறிய சாளரத்தில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. பெரிய திரையில் ஓடும்போதுதான் தெரியும்.

செல்போன் வீடியோவில் வேறொரு சிக்கல் உண்டு. வெளிச்சத்துக்கும் பிராசசரின் சுமைக்கும் ஏற்ப, பல போன்கள் ஃப்ரேம் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கின்றன. 30 என்று போட்டிருந்தாலும் உள்ளே 29, 30, 28 என்று ஓடும். டைம்லைனில் போட்டதும் முதல் நிமிடத்தில் உதடும் ஒலியும் ஒத்துப்போகும். பத்தாவது நிமிடத்தில் விலகியிருக்கும். கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்யும் சில மென்பொருள்களிலும் இது நேர்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற சிறிய இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் வேகம் மாறுவதா நிலையானதா என்று காட்டிவிடும். மாறுவது என்றால், தொகுக்கத் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேகங்களைக் கலப்பதிலும் கவனம் தேவை. சினிமா 24, இந்தியத் தொலைக்காட்சி 25, செல்போன் 30. முப்பதில் எடுத்ததை இருபத்தைந்து டைம்லைனில் போட்டால் ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று உதிரும். மெதுவாகக் கேமரா நகரும் ஷாட்டில் அது தடுமாற்றமாகத் தெரியும். எந்த எக்ஸ்போர்ட் அமைப்பும் இதைச் சரிசெய்யாது. படப்பிடிப்புக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

மென்பொருள்களின் சுபாவம்

ஆவிட்டின் பலம் ஒழுங்கு. பலர் ஒரே புராஜெக்டில் வேலை செய்யும்போது, ஒருவர் திறந்திருக்கும் ‘பின்’ என்ற கிளிப் தொகுப்பில் இன்னொருவர் மாற்றம் செய்ய முடியாதபடி அது பூட்டிவிடும். பெரிய படங்களும் நீண்ட தொடர்களும் அதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். பிரீமியர் எந்த வகைக் கோப்பையும் வாங்கிக்கொள்ளும்; ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு ஒட்டி உறவாடும். ஃபைனல் கட் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். அவற்றின் சிப்போடு இணைந்து வேகமாக ஓடும். ரிசால்வ் நிறத்தில் மன்னன். தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களில் நெடுங்காலமாகக் கோலோச்சும் எடியஸ், சாதாரணக் கம்ப்யூட்டரிலும் பல வகை ஃபுட்டேஜை ரெண்டர் செய்யாமலே ஓட்டிக் காட்டும். நான்கு கேமரா முகூர்த்தத்தை மறுநாளே முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு அந்த வேகம்தான் பிழைப்பு.

இவற்றில் எதுவும் மற்றதைவிட நல்ல படம் தரும் என்று சொல்ல இடமில்லை. 2019இல் வந்த கொரியப் படம் ‘பாரசைட்’, ஆப்பிள் 2011லேயே கைவிட்டுவிட்ட ஃபைனல் கட் ப்ரோ 7இல் தொகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ பிரீமியரில் தொகுக்கப்பட்டு எடிட்டிங் ஆஸ்கரையே பெற்றது.

கைமாறும் இடம்

இனி மாற்றமில்லை என்று எடிட் லாக் ஆனதும் படம் பிரிந்து போகிறது. படம் டி.ஐ. எனப்படும் நிறத் திருத்தத்துக்கு, ஒலி மிக்ஸிங்குக்கு, சில ஷாட்டுகள் சிஜிக்கு. ஒரு மென்பொருளின் டைம்லைனை இன்னொன்று அப்படியே திறக்காது. இடையில் மொழிபெயர்ப்பாளராக ஈடிஎல், எக்ஸ்எம்எல், ஏஏஎஃப் கோப்புகள் போகின்றன. வெட்டு, டைம்கோடு, சாதாரண டிசால்வ் ஆகியவை பத்திரமாகப் போய்ச் சேரும். வேகம் ஏறி இறங்கும் ஷாட்டுகள், டைம்லைனுக்குள் டைம்லைனாக மடித்து வைத்தவை, வெளியில் வாங்கிய ப்ளக்-இன் எஃபெக்டுகள், டைட்டில்கள் எல்லாம் வழியிலேயே உதிரும் அல்லது உருமாறும்.

கன்ஃபார்மில் அதிகம் நேரம் தின்பது மிகச் சாதாரணமான ஒன்று: கோப்பின் பெயர். பல கேமராக்கள் புதுக் கார்டு போட்டதும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கும். மூன்று நாள் படப்பிடிப்பில் சி0001 என்ற பெயரில் மூன்று கிளிப் இருக்கும். ரிசால்வ் தவறான சி0001ஐ எடுத்து வைத்துவிட்டால், நாயகி பேச வேண்டிய இடத்தில் காலியான வாசல் தெரியும். கார்டை இறக்கும்போதே நாளும் கேமராவும் சேர்ந்த தனிப்பெயரைக் கிளிப்புக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் துன்பம் இல்லை. எடிட் தொடங்கிய பிறகு பெயர் மாற்றுவது அதைவிடப் பெரிய துன்பம்.

சைஸ் மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரீமியரில் 4கே கிளிப்பை எச்டி டைம்லைனில் அடக்க நெடுங்காலமாக இரண்டு வழிகள் உண்டு: ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ், செட் டு ஃப்ரேம் சைஸ். முதலாவது கிளிப்பை முதலிலேயே எச்டியாகச் சுருக்கிவிடுகிறது. அதன்பின் முகத்தை நெருங்கிக் காட்ட 150 சதவீதம் பெரிதாக்கினால், பெரிதாவது ஏற்கெனவே சுருங்கிய படம். இரண்டாவது, ஸ்கேல் எண்ணை மட்டும் மாற்றுகிறது. நெருங்கும்போது 4கேவின் விவரம் முழுதும் கிடைக்கும். கேமராவுக்குக் கொடுத்த பணம் வீணாவதும் பயன்படுவதும் இந்த ஒரு கிளிக்கில் இருக்கிறது.

டி.ஐ.க்கு அனுப்பும்போது, டைம்கோடு பதித்த ஒரு ரெஃபரன்ஸ் வீடியோவைக் கூடவே அனுப்புவது நல்ல எடிட்டர்களின் வழக்கம். அதைப் புது டைம்லைனுக்கு மேலே வைத்து டிஃபரன்ஸ் முறையில் ஓட்டினால், இரண்டும் ஒத்த இடத்தில் திரை கறுப்பாக இருக்கும். பிசகிய ஷாட்டில் உருவங்கள் பேய்போல் தெரியும். இரண்டு மணி நேரப் படத்தை ஒரே ஓட்டத்தில் சோதித்துவிடலாம். ஒலிக்கு அனுப்பும்போது ஒவ்வொரு கிளிப்பின் இரு முனையிலும் சில விநாடி கூடுதலாக விட்டு அனுப்ப வேண்டும்; படம் தொடங்க இரண்டு விநாடி இருக்கும்போது ஒரு ஃப்ரேம் அளவு பீப் ஒலி வைக்க வேண்டும். மிக்ஸ் முடிந்து வரும் ஒலியைப் படத்தோடு பொருத்த அந்த பீப்தான் ஆதாரம்.

நிறம் ஏன் மாறுகிறது?

எல்லாப் புகார்களிலும் அதிகம் குழப்புவது இதுதான். அதற்குத் தனித்தனியாக இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அளவு எல்லை. 8 பிட் வீடியோவில் வெளிச்சம் 0 முதல் 255 வரை எண்களால் குறிக்கப்படுகிறது. தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16இல் தொடங்கும், வெள்ளை 235இல் முடியும். கம்ப்யூட்டர் மரபில் 0 முதல் 255 முழுவதும். ஒரு மரபில் எழுதிய கோப்பை இன்னொரு மரபில் வாசித்தால், ஒன்று கறுப்பு சாம்பலாகும், அல்லது இருண்ட கூந்தலும் வெள்ளை வேட்டியின் மடிப்பும் விவரமில்லாமல் அழிந்துபோகும். ரிசால்வின் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஆட்டோ, வீடியோ, ஃபுல் என்று ஒரு தேர்வு இருக்கிறது. யூடியூபுக்கும் டிவிக்கும் ஆட்டோ அல்லது வீடியோவே சரி. படம் வெளிறிவிட்டது என்று ஃபுல்லுக்கு மாற்றி, பிறகு கலரையும் ஏற்றி, ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடுவது பரவலாக நடக்கிறது. அது அந்த ஒரு திரையில் மட்டும் சரியாகத் தெரியும்.

இரண்டாவது, காமா; அதாவது இடைப்பட்ட வெளிச்சத்தைத் திரை எந்த அளவில் காட்டுகிறது என்பது. தொலைக்காட்சி மானிட்டர்கள் 2.4 காமாவில் காட்டுகின்றன. எச்டி நிறத் தரமான ரெக்.709 என்று அடையாளச் சீட்டு ஒட்டிய கோப்பை, மேக்கின் நிற மேலாண்மை 1.96 அளவில் விரித்துக் காட்டுகிறது. இருண்ட பகுதி சற்று வெளுக்கும். படம் பொடி தூவியதுபோல் ஆகும். கோப்பிலுள்ள எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. அதே கோப்பு டிவியில் சரியாகத்தான் ஓடும். பிரீமியரின் அண்மைப் பதிப்புகளில் பார்க்கும் காமாவை 2.4, 2.2, 1.96 என்று தேர்ந்தெடுக்கலாம், ரிசால்வில் ரெக்.709-ஏ என்ற தேர்வு மேக் பயனாளர்களுக்காகவே இருக்கிறது. இவை உதவும். ஆனால் படம் கடைசியாக எந்தத் திரைக்குப் போகிறதோ அந்தத் திரையின் அளவில் கலர் செய்வதுதான் அடிப்படை. தியேட்டருக்கான படத்தை லேப்டாப் திரையை நம்பிக் கலர் செய்யக் கூடாது. அளவு சரிபார்த்த ஒரு மானிட்டர், விலையுயர்ந்த எந்த ப்ளக்-இன்னைவிடவும் பயனுள்ள முதலீடு.

எக்ஸ்போர்ட் பெட்டிக்குள்

எக்ஸ்போர்ட் சாளரத்தில் எல்லாரும் முதலில் பார்ப்பது பிட்ரேட். விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதே அது. எண் கூடினால் தரம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. மேடையில் ஒருவர் நின்று பேசும் காட்சிக்கு 5 மெகாபிட் தாராளம். அட்சதை, மழை, அருவி, புகை, கூட்டத்தில் தூவும் வண்ணக் காகிதம் ஆகியவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தையதிலிருந்து முழுதும் வேறாக இருக்கும். ‘முந்தைய படத்திலிருந்து மாறியது இது’ என்று குறிப்பு எழுதும் உத்தி அங்கே தோற்றுப்போகிறது. அதனால்தான் ஒரு கல்யாண வீடியோவின் மிக முக்கியமான நொடியே மிக மோசமாக உடைகிறது. பிட்ரேட்டைக் காட்சிக்கேற்ப ஏற்றி இறக்கும் விபிஆர் முறையும், முதலில் ஒரு முறை முழுப் படத்தையும் அளந்துவிட்டு இரண்டாம் முறை எழுதும் டூ-பாஸ் முறையும் இதற்காகவே வந்தவை. நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தாலி கட்டும் காட்சிக்கு அந்த நேரம் தகும்.

ஒரே பிட்ரேட்டில் இரண்டு மென்பொருள்கள் வேறு வேறு தரம் தருவதும் உண்மைதான். எச்.264 என்பது கோப்பை எப்படி வாசிக்க வேண்டும் என்ற விதி. எப்படி எழுத வேண்டும் என்பதை அந்தந்த என்கோடர் தீர்மானிக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டிலும் பிராசசரிலும் பதித்திருக்கும் ஹார்டுவேர் என்கோடர்கள் மின்னல் வேகத்தில் எழுதும். எக்ஸ்264 போன்ற மென்பொருள் என்கோடர்கள் யோசித்து எழுதும். விநாடிக்கு 30, 40 மெகாபிட் கொடுக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்ப 2 மெகாபிட்டுக்கு இறக்கும்போது நன்றாகவே தெரியும். பிரீமியரில் ஹார்டுவேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுத்தால் டூ-பாஸ் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

வானத்துப் பட்டைகளுக்குப் பிட்ரேட் மருந்தாகாது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட்டில் 1024. அந்தி வானமும் மேடையின் நீல ஒளியும் மெல்ல மெல்ல மாறும் பரப்புகள். 256 படிகளில் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கலரில் விரிப்பதற்கென்றே மங்கலாகப் பதியும் லாக் (log) முறையில் 8 பிட்டில் எடுத்து, கலரில் இழுத்து விரித்தால் இன்னும் மோசம். 10 பிட்டில் எடுத்து, 10 பிட்டில் மாஸ்டர் எழுதி, கடைசிக் கோப்பு 8 பிட்டாக இருந்தே ஆக வேண்டுமென்றால் சிறிது கிரெயின் சேர்ப்பது பழக்கப்பட்ட தீர்வு.

சிவப்பு நிறத்துக்கு ஒரு தனிக் கவலை. பொதுவான விநியோகக் கோப்புகள் 4:2:0 முறையில் இருக்கும். 1920க்கு 1080 படத்தில் நிறத் தகவல் மட்டும் 960க்கு 540 அளவில்தான் சேமிக்கப்படும். வெளிச்சத்தின் விவரம் கண்ணை ஏமாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் செய்யும் சிக்கனம் அது. கறுப்புப் பின்னணியில் கருஞ்சிவப்பு எழுத்து போட்டால் ஓரங்கள் ரம்பம்போல் ஆவது இதனால்தான். டைட்டிலின் நிறத்தைச் சற்று வெளுப்பாக்குவதும், மெல்லிய வெள்ளை ஓரம் கொடுப்பதும் எளிய வழிகள். மாஸ்டரை நிறத் தகவல் கூடுதலாக உள்ள 4:2:2இல் வைத்துக்கொள்வது எப்படியும் அவசியம்.

பிரீமியரில் யூஸ் ப்ரிவியூஸ் என்ற குறி, டைம்லைனில் அவசரத்துக்கு ரெண்டர் செய்து வைத்த துண்டுகளையே இறுதிக் கோப்பிலும் ஒட்டிவிடும். ப்ரிவியூ அமைப்பு புரோரெஸ் போன்ற உயர்தரத்தில் இருந்தால் நேரம் மிச்சம். இல்லையென்றால் தரம் அங்கேயே போய்விடும். மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டி என்பது முக்கியமாகப் படத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும்போது பயன்படுவது. அளவே மாறாத டைம்லைனில் அதைப் போட்டுவிட்டு விடிய விடியக் காத்திருப்பதில் லாபம் இல்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பு யுஎச்டி அளவுக்கு மேல் எக்ஸ்போர்ட் செய்யாது என்பதை 4கே தியேட்டர் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தத் திரைக்கு எது?

யூடியூப், வந்து சேரும் எந்தக் கோப்பையும் தன் அளவுக்கு மறுபடி சுருக்குகிறது. 1080க்கு அது பரிந்துரைப்பது விநாடிக்கு 8 மெகாபிட், 4கேவுக்கு 35 முதல் 45 வரை. இவை குறைந்தபட்ச நல்லளவு என்று கொள்வதே சரி. இரண்டாம் சுருக்கத்துக்குப் போகிற கோப்பு எவ்வளவு செழுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. புரோரெஸ் கோப்பையேகூட அது ஏற்றுக்கொள்ளும். 1080 டைம்லைனை 1440 அல்லது 4கேவாகப் பெரிதாக்கி ஏற்றும் வழக்கமும் பொருளற்றதல்ல. பெரிய அளவுகளுக்கு யூடியூப் மேம்பட்ட விபி9 கோடெக்கையும் அதிக பிட்ரேட்டையும் தருகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மேலும் சுருக்கும். டாகுமெண்டாக அனுப்பினால் தொடாது.

ஒலியின் அளவிலும் ஒவ்வொரு திரைக்கும் ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒளிபரப்புக் கூட்டமைப்பின் ஆர்128 விதி, ஒலியின் உரப்பை அளக்கும் எல்யூஎஃப்எஸ் அலகில் மைனஸ் 23. நெட்ஃப்ளிக்ஸ் வசனத்தை மட்டும் அளந்து மைனஸ் 27 கேட்கிறது. யூடியூப் மைனஸ் 14க்கு மேல் போனதைத் தானே இறக்கிக்கொள்கிறது. கத்த வைத்து அனுப்பிய ஒலி அங்கே உயிரிழந்துதான் கேட்கும்.

தியேட்டருக்குப் போகும் கோப்புத் தொகுப்பான டிசிபி முற்றிலும் வேறு பாதை. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ, 2005இல் டிஜிட்டல் திரையிடலுக்கான விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி ஜேபெக் 2000 படம். நிறம் எக்ஸ்ஒய்இசட் முறையில் 12 பிட். உச்ச அளவு விநாடிக்கு 250 மெகாபிட். 2கே ஸ்கோப் என்றால் 2048க்கு 858. ஃப்ளாட் என்றால் 1998க்கு 1080. கோப்பு பூட்டப்பட்டிருந்தால், குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும் குறிப்பிட்ட நாட்களுக்குத் திறக்கும் கேடிஎம் சாவி வேண்டும். ஆவிட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே சென்னை நிறுவனம்தான் க்யூப் டிஜிட்டல் திரையிடலையும் உருவாக்கியது. குறும்பட இயக்குநர்கள் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவசக் கருவியிலேயே விழாக்களுக்கான டிசிபியைச் செய்துகொள்கிறார்கள். 25 ஃப்ரேமில் எடுத்த இரண்டு மணி நேரப் படத்தை 24க்கு இறக்கினால் ஐந்து நிமிடம் நீளும், குரல் சற்றுத் தாழும். 24இலேயே எடுத்திருந்தால் இந்தக் கவலை வராது.

மாஸ்டர்

இத்தனை திரைகளுக்கும் ஒவ்வொரு முறையும் டைம்லைனிலிருந்து எக்ஸ்போர்ட் செய்வதைவிட, உயர்தர மாஸ்டர் ஒன்றை எழுதி, அதை முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் பார்த்து, அதிலிருந்தே எல்லாப் பிரதிகளையும் பிறப்பிப்பது சிறந்தது. புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் போதும். ஏற்கெனவே சுருக்கிய எம்பி4 கோப்பை மறுபடி டைம்லைனில் போட்டு ஒரு டைட்டிலை மாற்றி மறுபடி சுருக்கும்போது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதிதான். பாடல் இல்லாத ஒலி, வசனம் மட்டும், இசை மட்டும் என்று பிரித்த டிராக்குகளையும் டைட்டில் இல்லாத வடிவத்தையும் மாஸ்டரோடு வைத்தால், நாளை வேறு மொழிக்குப் போகவும் வழி இருக்கும்.

மாஸ்டரை டிஸ்க்குக்கு மாற்றும்போது வெறும் காப்பி-பேஸ்ட் போதாது. எம்டி5 அல்லது எக்ஸ்எக்ஸ்ஹாஷ் சரிபார்ப்பு எண் இரண்டு பிரதிகளும் பிட் பிசகாமல் ஒன்றே என்று உறுதி செய்யும். ரிசால்வின் மீடியா பக்கத்திலுள்ள குளோன் கருவியே இதைச் செய்கிறது. இரண்டு டிஸ்க்குகள் இரண்டு வேறு கட்டடங்களில் இருக்க வேண்டும்.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. இன்று அதைப் பார்க்க ஒரு பிரிண்ட்கூட இல்லை. ஃபிலிமைக் காப்பதற்குக் குளிரூட்டிய கிடங்கும் பெரிய செலவும் தேவைப்பட்டன. முழு எச்டியில் ஒரு மணி நேர மாஸ்டருக்குத் தேவைப்படுவது 83 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் பன்னிரண்டு மணி நேரம் அடங்கும். குறும்படமோ கல்யாணமோ, வேலை முடிந்த அன்றே இரண்டு பிரதி எடுத்து, பெயரும் தேதியும் ஃப்ரேம் வேகமும் எழுதி ஒட்டி, ஆண்டுக்கு ஒரு முறை இரண்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள்.